கை படும் உயரத்தில்

அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. யாரோ ஒரு கட்டடக்காரர் ஒரே ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, வேறு யோசனை தோன்றுவதற்குள் தெரு முழுவதையும் கட்டி முடித்துவிட்டார் போலிருக்கிறது. கேட்டைத் திறந்தால் படி, படி ஏறினால் வராந்தா, வராந்தா தாண்டினால் கூடம், கூடத்தின் இடது பக்கம் ஜன்னல், ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி போட இடம். எந்த வீட்டுக்குள் போனாலும் இதுதான். உள்ளே எதையும் மாற்ற முடியாது; ஒரு சுவரைத் தொட்டால் கூரை தலையில் இறங்கும். ஆகவே அந்தத் தெருக்காரர்கள் தங்கள் ஆசை, அகம்பாவம், கஞ்சத்தனம், கலையுணர்ச்சி அத்தனையையும் வேலியில் காட்டினார்கள்.

கணக்கு வாத்தியார் செடி வேலி வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், கணக்கு அவரை விடவில்லை. ஒரு கிளை விரல் நீளம் வெளியே எட்டிப் பார்த்தாலும் கத்தரியோடு வந்துவிடுவார். அடுத்த வீடு பல் டாக்டருடையது. வெள்ளை வெள்ளையாக மரச் சட்டங்கள், வழவழவென்று, சந்து பிசகாமல் நிற்கும். "ஒண்ணு ஆடினாலும் உடனே மாத்திடுவேன், தொழிலுக்கு விளம்பரம் ஆச்சே" என்பார். அதற்கடுத்து அக்காவும் தங்கையும். அப்பா விட்டுப்போன வீட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிறவர்கள். அக்காவின் பாதிக்கு மூங்கில், தங்கையின் பாதிக்குக் கம்பி வலை. கேட் மட்டும் பொது. அதற்கு எண்ணெய் போடவேண்டியது யார் என்ற வழக்கு தீராததால், அது காற்றடித்தால்கூடக் கிறீச்சிடும்.

அதற்கப்பால் காண்டிராக்டர். தலைக்கு மேல் உயர்ந்த மதில், உச்சியில் கண்ணாடிச் சில்லுகள், வெளிப்பக்கம் சிமெண்டில் பொடிக்கல்லைக் கலந்து வீசியடித்த முரட்டுப் பூச்சு. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர். சிரிப்பதற்கும் டெண்டர் கேட்பார் என்று தெருவில் பேச்சு. அவருக்குத் தெரு வைத்த பெயர் கறார். தெரு முனைக்கு முன்னால் கடைசி வீடு பைப்புத் தம்பியுடையது. பிளம்பர். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய குழாய்த் துண்டுகளையெல்லாம் கொண்டுவந்து நட்டு வேலி கட்டியிருந்தான். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, ஒன்று நெட்டை. அதைத் தாண்டினால் முனையில் லாண்டரி.

தெருவின் உள் கோடியில், பஸ்ஸுக்கு அடிக்கிற அதே சிவப்பு அடித்த இரும்புக் கம்பி வேலிக்குப் பின்னால் இருந்தவள் மடிப்பக்கா. கம்பியும் சிவப்பும் பஸ் டிரைவரான அவள் கணவரின் ரசனை. அவளுக்கு லாண்டரியில் துணி மடிக்கிற வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜைத்துணி, யூனிஃபார்ம் எல்லாம் மலையாக வந்து விழும். அவள் ஒரு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறினால் துணி தானாகவே மடிந்து உட்காரும். ஓரம் ஓரத்தோடு சேர்ந்திருக்கும். வேலைக்குப் போகும் வரும் வழியில் எல்லோரையும் இரண்டு வார்த்தை விசாரிப்பாள். அவளைவிட மூத்த வாத்தியார்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கறார் மட்டும் "அம்மா" என்பார், அதுவும் பேசியே ஆகவேண்டியிருந்தால்.

இப்படிப்பட்ட மடிப்பக்காவுக்குக் கண் தெரியாது.

பிறவியிலிருந்தே அல்ல. நடுவயதில் கண் நரம்பு வாட ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு முகங்கள் போயின, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் கணவருக்குத் தெரியும், வேறு ஊரில் இருக்கிற மகளுக்குத் தெரியும். தெருவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்பது மடிப்பக்காவின் உறுதியான நம்பிக்கை. "ஐயோ பாவம்" என்ற சொல்லை அவள் மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுப்பாள். தனக்கு வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அவள் கைத்தடி பிடிக்கவில்லை. குடை பிடித்தாள். மழைக்கும் குடை, வெயிலுக்கும் குடை, இரண்டும் இல்லாத நாளில் மடக்கிய குடை. ஒரு கை குடையில், வேலிப் பக்கத்துக் கை வேலியில். தெருவின் ஒரே ஓரமாக நடப்பாள். இலை உரசினால் வாத்தியார். வழவழத்தால் டாக்டர். மூங்கில் முடிந்து வலை தொடங்கினால் சகோதரிகள். கரடுமுரடாகக் கீறினால் கறார். டிங், டொங், டக் என்று பல குரலில் கேட்டால் பைப்புத் தம்பி. திரும்பி வரும்போது அதே பாட்டைத் தலைகீழாகப் பாடவேண்டும். கம்பியின் சில்லிப்பு கைக்கு வந்துவிட்டால் வீடு வந்தாயிற்று. கண்ணால் பார்க்கிறவர்கள் அந்தத் தெருவில் சில சமயம் வீடு மாறிப் போவதுண்டு. மடிப்பக்கா ஒரு நாளும் மாறியதில்லை.

முதலில் கறாரின் மதில்தான் அவளைப் படுத்தியது. அந்தப் பூச்சு விரல் நுனியைத் தினமும் கிழித்தது. இஸ்திரி சுட்டுவிட்டது என்று லாண்டரியில் சொல்லிச் சமாளித்தாள். மனுஷன் மாதிரியே சுவரும் என்று மனசுக்குள் திட்டினாள். ஆனால் போகப் போக, கை படும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் மழுங்கி வழவழப்பானது. மேலேயும் கீழேயும் கரடு, நடுவில் கை போக ஒரு பாதை. அதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குப் பிடிபடாத பெருமை.

"அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க? தினம் தடவித் தடவி அந்தக் கறார் சுவரையே தேய்ச்சுட்டேங்க. தன் கையே தனக்கு உதவி!" என்று கணவரிடம் சொன்னாள்.

"ம்" என்றார் அவர். ஓடும்போது டிரைவரிடம் பேசக்கூடாது என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை வீட்டிலும் கடைப்பிடிக்கிற மனிதர்.

மகளோடு மட்டும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மகள் ஓர் உயரமான அடுக்குமாடியில் இருந்தாள். லிஃப்டில் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளேயே இருக்கவேண்டிய வீடு. அங்கே வந்துவிடு என்று அவள் ஒவ்வொரு போனிலும் சொல்வாள். "சரிம்மா, உன் இஷ்டத்துக்கு விடறேன்" என்று கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தாள். "ஆனா ஒரே ஒரு தடவை நீ வழி தவறினேன்னு வை, மறு பேச்சு பேசாம எங்கூட வந்துடணும். மறைக்கக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா" என்றாள் மடிப்பக்கா. வேலிகள் இருக்கிற தைரியத்தில் அவள் எந்தச் சத்தியத்துக்கும் தயாராக இருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் நகராட்சி, தெருவோரச் சாக்கடையை அகலப்படுத்துகிறோம், வேலிகளை எல்லாம் எடுங்கள் என்று அறிவித்தது. தெருக்காரர்கள் வாத்தியார் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டுக் கூடினார்கள். எப்படியும் இடிக்கத்தான் போகிறோம், திரும்பக் கட்டுவதை ஒரே மாதிரி கட்டினால் என்ன என்று கறார் எழுந்து நின்று கேட்டார். இடுப்பு உயரத்துக்கு ரெடிமேட் கான்கிரீட் பலகை, ஒரே நிறம், ஒரே கேட். தன் ஆட்களை வைத்தே போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"பார்க்கவும் லட்சணமா இருக்கும். வழவழன்னு இருக்கும், யார் கையையும் கிழிக்காது" என்று முடித்தார்.

மடிப்பக்கா சட்டென்று எழுந்தாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இருக்கிற பொய்க் காரணங்களையெல்லாம் அள்ளி வீசினாள். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வரிசையில நிக்க நாம என்ன ஸ்கூல் பிள்ளைங்களா? வெயில்ல கான்கிரீட் கொதிக்காதா? பூனையெல்லாம் எப்படி நுழையும்?"

"உங்க வீட்ல பூனையே இல்லையேக்கா" என்றான் பைப்புத் தம்பி.

"இனிமே வளர்க்கலாம்னு இருந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. வாத்தியார் தொண்டையைச் செருமிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்த டாக்டர், "இல்ல, விடுங்க" என்று உட்கார்ந்தார். சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து, மற்றவள் பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் இருவருமே மூடிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் என்ன பொருள் என்று மடிப்பக்கா யோசிக்கவில்லை. தன் கவலை தனக்கு. கான்கிரீட் பலகைக்கு மற்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சொல்லியிருக்கலாமே" என்றார் கணவர் வீட்டில், அவருக்கு அது நீண்ட பேச்சு.

"சொல்லி? பேசாம இருக்கிறவங்களைக் கூப்பிட்டு என் கண்ணைப் பத்திப் பேசச் சொல்லணுமா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா?"

தோண்டுகிற காலம் முழுக்க, தெருவில் பள்ளம், யாருக்கும்தான் கஷ்டம் என்ற சாக்கில் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். பள்ளம் மூடினார்கள். பலகைகள் நின்றன. தெருவே சலவை செய்து இஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மடிப்பக்கா ஒருமுறை தடவிப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வழவழப்பு, ஒரே குளிர்ச்சி. வாத்தியாரும் டாக்டரும் சகோதரிகளும் கறாரும் பைப்புத் தம்பியும் தெருவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

முதல் நாள் தனியாகக் கிளம்பினாள். போவது சுலபம், லாண்டரியின் நீராவிச் சத்தமும் சோப்பு வாசனையும் முனையிலிருந்தே கூப்பிடும். வருவதுதான் சோதனை. வீடு சத்தமும் போடாது, வாசனையும் விடாது. கேட்டுகளை எண்ணிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். இடையில் பைப்புத் தம்பி எதிரே வந்து, எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டி ஒழுகிய கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னான். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு எட்டு முன்னே வைத்தாள், திரும்பினாள், சிரித்தாள். அவன் போன பிறகு பார்த்தால் எண்ணிக்கை கையைவிட்டுப் போயிருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தெருவிலேயே காலம் காலமாகக் குடியிருக்கிறவள், என் வீடு எதுப்பா என்று எந்த வாயால் கேட்பது? நடந்தாள். தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்து ஒரு கேட்டைத் தள்ளினாள். படி இருந்தது. வராந்தா இருந்தது. கதவு திறந்திருந்தது. இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம், அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு நிழல். அப்பாடா என்று குடையை மூலையில் சாத்தினாள், செருப்பை உதறினாள், எதிரே இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"டீ போட்டீங்களா? தொண்டை வறண்டு போச்சு" என்றாள்.

நிழல் எழுந்து உள்ளே போனது. டம்ளர் ஒன்று அவள் கையில் வந்தது. நிழல் திரும்பப் போய் உட்கார்ந்தது. பேசவில்லை. பேசாதது அவளுக்குப் புதிதா என்ன?

"இன்னிக்கு உசிரே போயிடுச்சுங்க. எது யார் வீடுன்னே தெரியலை. எல்லாம் அந்தக் கறார் பண்ண வேலை. மனுஷனா அவன்? சுவர்ல கண்ணாடியை நட்டு வெச்சவன்தானே, நெஞ்சுல மட்டும் பூவா வெச்சிருப்பான்? அவனவன் வேலி அவனவன் கையெழுத்து மாதிரி. அதைத் தொட்டுத்தான் நான் நடந்தேன். கண்ணு போனப்பகூட எனக்கு இவ்வளவு இருட்டா இல்லைங்க. வேலியை எடுத்து என் மிச்சக் கண்ணையும் எடுத்துட்டான். இனிமே நான் மக வீட்டுக்குப் போய் மாடியில பூட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு இந்தத் தெரு வேணுங்க. நடந்து போய் நடந்து வரணும், வேற என்ன கேக்கறேன்?"

அழுகை வந்தது. அதை மறைக்க டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

டீயில் சர்க்கரை இல்லை.

அவள் கணவர் டீயில் சர்க்கரை போடுகிறவர் இல்லை. சர்க்கரையில் டீ ஊற்றுகிறவர். மடிப்பக்கா நாற்காலிக் கையைத் தடவினாள். அவர்கள் வீட்டு நாற்காலிக்குப் பிரம்புப் பின்னல். இது வெறும் மரம். டம்ளர் அவள் கையில் சாய்ந்தது.

"டம்ளரைக் கீழ வைங்கம்மா, சிந்துது" என்றது கறாரின் குரல். "எனக்குச் சர்க்கரை வியாதி. வீட்ல சர்க்கரை வாங்கறதில்லை. தப்பா நினைக்காதீங்க."

பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. செருப்பைத் தேடினாள். செருப்பு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். கறார் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். வீடுவரை கூடவே நடந்தார், கையைப் பிடிக்கவில்லை, அரை எட்டு முன்னால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். கேட்டருகே கணவர் தவித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாய் டீ குடிக்க வந்தாங்க, நான்தான் பேசி நேரத்தைப் போக்கிட்டேன்" என்றார் கறார். வாழ்நாளில் யாரிடமும் பேசி நேரத்தைப் போக்காத மனிதர், அவளுக்காகக் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

சத்தியம் சத்தியம்தான். மடிப்பக்காவே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், துணிமணியை எடுத்து வை என்றாள். அவள் குரலும் உடைந்துதான் இருந்தது.

போகப்போகிறோம் என்று ஆனபிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மறுநாள் மாலை, கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச வாத்தியார் வீட்டில் எல்லோரும் கூடியபோது மடிப்பக்கா எழுந்து நின்றாள். "உங்ககிட்ட எல்லாம் ஒண்ணு மறைச்சுட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள்.

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.

"தெரியுமேக்கா" என்றான் பைப்புத் தம்பி.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று வாத்தியார் அவன் மேல் பாய்ந்தார். "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்!"

அப்புறம்தான் பூசணிக்காய் சோற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்தது. வாத்தியார் தன் செடி வேலியில் முள் வகையைப் பிடுங்கிவிட்டு மிருதுவான வகையை வைத்தது அவளுக்காக. டாக்டர் தன் மரச் சட்டங்களை மாதாமாதம் சிராய் எடுத்துத் தேய்த்தது அவளுக்காக. பைப்புத் தம்பி மோட்டார் சைக்கிளை வீட்டு முன்னால் நிறுத்தாமல் முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தது அவளுக்காக. தெருவோரம் வண்டி போடும் பழக்காரரிடம் இந்தப் பக்கம் போடாதே என்று அக்கா போய்ச் சொன்னாள், அவள் சொன்னது தெரியாமல் தங்கையும் போய்ச் சொன்னாள். பழக்காரர் பயந்துபோய்த் தெருவையே விட்டுவிட்டார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, அவள் மானத்தைக் காப்பதாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வேலிதான் வழி என்பது மட்டும், வேலியை எடுத்தபோது ஒருவருக்கும் தெரியாது. தத்தம் வேலியை அவள் பிரியத்தில் தடவுவதாக ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். வேலியைத் தொட்டு நடந்ததையும், ஞாயிற்றுக்கிழமை மகளோடு போகப்போவதையும் மடிப்பக்காவே இப்போது சொன்னாள்.

"அன்னிக்கே நான் சொல்ல வந்தேன்" என்றார் டாக்டர். "எல்லாரும் இருக்காங்க, உங்க ரகசியத்தை எப்படிப் போட்டு உடைக்கிறதுன்னு உட்கார்ந்துட்டேன்."

"நல்ல தெரு!" என்றாள் மடிப்பக்கா. "வாய் இருந்தும் ஊமையாவே இருந்திருக்கீங்க, நான் உங்களையெல்லாம் ஏமாத்தறதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள், அழுதாள். பாவம் என்ற சொல்லைக் கேட்டுவிடக்கூடாது என்று எத்தனை காலம் பயந்திருந்தாள்! அவர்கள் அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதற்குள் தெரு வேலையில் இறங்கியது. வாத்தியார் பலகை முழுக்கச் சதுர ஓடு பதித்தார், சதுரங்களுக்கு நடுவே நூல் பிடித்து இடைவெளி விட்டார். டாக்டர் பழைய மரச் சட்டங்களையே எடுத்துவந்து பலகைமேல் அறைந்தார். பைப்புத் தம்பி குழாய்த் துண்டுகளைத் தொங்கவிட்டான். முன்பைவிட இரண்டு குரல் கூடுதல். அக்கா தன் பாதிக்குக் கயிறு சுற்றினாள். அதைப் பார்த்ததும் தங்கை தன் பாதிக்குப் பிரம்பு கட்டினாள். பொதுக் கேட் புதிது என்பதால் கிறீச்சிடவில்லை. அதற்கு ஒரு மணி கட்டவேண்டும் என்று தங்கை சொல்ல, அக்கா ஒப்புக்கொண்டாள். அவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்ததே அந்த மணியால்தான். மறுநாளே எந்த மணி என்று சண்டை வந்தது வேறு விஷயம்.

கறார் மட்டும் ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். போட்ட பலகை அழகு கெட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். மடிப்பக்கா அவருக்காகப் பரிந்து பேசினாள். சனிக்கிழமையெல்லாம் அவள் வெளியே வரவில்லை. பெட்டியில் துணியை மடித்து வைப்பதும், திரும்ப எடுப்பதுமாக இருந்தாள்.

மகள் வந்தாள். தெருவைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினாள். அம்மா சொன்ன கதையைக் கேட்டாள். "சரி, ஒரு தடவை. லாண்டரியிலேர்ந்து வீட்டுக்கு நீ தனியா நடக்கணும். நான் பின்னாடி வருவேன், வாயைத் திறக்க மாட்டேன். தப்பினா இன்னிக்கே கிளம்பறோம்" என்றாள்.

மடிப்பக்கா லாண்டரி வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். வலது கையில் மடக்கிய குடை. இடது கையை நீட்டினாள். டிங், டொங், டக், டிங். பைப்புத் தம்பி. இந்தக் குரல்களைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அது முடிந்தது. அடுத்தது கறாரின் வெற்றுப் பலகை, வழவழப்பு, அது முடிந்ததும் பிரம்பு வரும் என்று மனசில் வைத்துக்கொண்டு கையை இறக்கினாள்.

கை கீறியது.

நின்றாள். பொடிக்கல் கலந்த முரட்டுப் பூச்சு. இன்னும் ஈரம் காயவில்லை. பச்சைச் சிமெண்ட் வாசனை அடித்தது. கறார் ஆளைக் கூப்பிட்டுத் தன் பலகைக்கு மேல் தன் பழைய பூச்சையே அடிக்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையை இன்னும் சற்றுக் கீழே, பழக்கமான உயரத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே கரடு இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வழவழவென்று ஓடியது.

நேற்று அடித்த பூச்சு. ஒரு கையும் இன்னும் தடவாத பூச்சு. தேய்வதற்கு அதற்கு ஏது நாள்?

மடிப்பக்கா அந்தப் பட்டையிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். தன் கையே தனக்கு உதவி என்று பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. கணவரின் "ம்" ஞாபகம் வந்தது. கண் தெரிந்த மனிதர், அவருக்கு அந்த மதிலைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். யார் கையையும் கிழிக்காது என்று அன்றைக்குக் கூட்டத்தில் கறார் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் விரலில் ரத்தம் கண்ட ஏதோ ஒரு நாளில், ஒரு வார்த்தை பேசாமல், அவள் லாண்டரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அந்த மனிதர் தன் சுவரைத் தானே செதுக்கிப் பூசியிருக்கிறார். அதைத் தன் சாமர்த்தியம் என்று நம்பி, அவரையே அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் டீயைக் குடித்துக்கொண்டு திட்டியிருக்கிறாள். அப்போதும் அவர் இதைச் சொல்லவில்லை.

கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவள் துடைக்கவில்லை. இத்தனை பேர் கையால் நடந்திருக்கிறேனே என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவமானம் துளியும் இல்லை. நன்றிதான் இருந்தது, தாங்க முடியாத அளவுக்கு.

பட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்து, கேட்டைத் தேடித் தள்ளினாள்.

"அம்மா!" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். வாயைத் திறக்க மாட்டேன் என்றவள்தான். "அம்மா, அது நம்ம வீடு இல்ல!"

"தெரியும்டி. இது காண்டிராக்டர் ஐயா வீடு. அடுத்தது பிரம்பும் கயிறும், அதுக்கடுத்து டாக்டர், அப்புறம் வாத்தியார், அப்புறம் நாம. நீ முன்னாடி போய் அப்பாகிட்ட பெட்டியைப் பிரிச்சு வைக்கச் சொல்லு."

படி ஏறினாள். வராந்தா தாண்டினாள். இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம், அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு நிழல். செய்தித்தாள் சரசரத்தது.

"ஐயா, ஒரு டம்ளர் டீ கிடைக்குமா?" என்றாள். "இந்தத் தடவை வீடு மாறி வரலை."

கறார் எழுந்தார். உள்ளே போகிற காலடிச் சத்தம் பாதியில் நின்றது.

"உட்காருங்கம்மா" என்றார். "சர்க்கரை வாங்கி வெச்சிருக்கேன்."